எத்தனை நாள் தாங்கும்? சென்னைக்குக் குடிவரும் தங்கைக்கு அக்காவின் தண்ணீர்க் குறிப்புகள்

தங்கச்சி, சோழிங்கநல்லூர் பக்கம் வீடு பார்க்கிறோம் என்று நீ சொன்ன நாளிலிருந்து வாடகை, குழந்தையின் பள்ளிக்கூடம் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டன. தண்ணீரை நினைத்துத்தான் கவலை. வீட்டுத் தரகர் யாராக இருந்தாலும் ஒரே பேச்சுதான்: "தண்ணிப் பிரச்னையே கிடையாதும்மா, 24 மணி நேரமும் வரும்." உன் முன்னாலேயே குழாயைத் திறந்தும் காட்டுவார். அந்தக் குழாயில் வருவது மேல் தொட்டித் தண்ணீர். இன்றைக்கு இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. நீ கேட்க வேண்டியது வேறு. வெளியிலிருந்து ஒரு சொட்டும் வராமல் போனால் இந்தக் கட்டடம் எத்தனை நாள் தாங்கும்?

இதற்கு யாரும் பதில் வைத்திருக்க மாட்டார்கள். நீயே கணக்குப் போட்டுக்கொள், கஷ்டமில்லை. தரைக்கடித் தொட்டியான சம்ப்பின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கு. வருவதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைத்துவிடும். 10 அடி நீளம், 8 அடி அகலம், 6 அடி ஆழம் என்றால் 480 கன அடி, அதாவது சுமார் 13,500 லிட்டர். மேலே கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் வைத்திருந்தால் அதன் மேலேயே லிட்டர் எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டு. அடுத்து ஆட்களை எண்ணு. நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுத் திட்டங்களில் வைத்துக்கொள்ளும் கணக்கு. 20 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 80 பேர். ஒரு நாளைக்கு 10,800 லிட்டர். மேலே சொன்ன சம்ப்போடு 5,000 லிட்டர் மேல் தொட்டியும் சேர்ந்தால் மொத்தக் கையிருப்பு 18,500. இரண்டு நாள்கூட முழுசாகத் தாங்காது.

என்னைக் கேட்டால், நான்கு நாளாவது தாங்காத கட்டடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. ஒரு தண்ணீர் லாரி வராமல் போவதும், மோட்டார் காயில் எரிவதும், மெயின் குழாய் உடைவதும் இந்த ஊரில் சாதாரணம். ஒன்றைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளுக்கு மேல் கையில் இருந்தால்தான் பதற்றமில்லாமல் சமைக்கலாம், குழந்தையைக் குளிப்பாட்டலாம்.

வீடு பார்க்கப் போகும்போது மாப்பிள்ளை அறைகளையும் கப்போர்டையும் பார்க்கட்டும். நீ கீழே இறங்கி வாட்ச்மேனிடம் பேசு. தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் பேசு. கீழ் வீட்டுப் பாட்டியிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடி. "போன மே மாசம் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேள். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் லைன் இந்தத் தெருவில் இருக்கிறதா, இருந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில் விடுகிறார்கள், போர் எத்தனை அடி, கோடையில் மோட்டார் காற்று இழுக்கிறதா, பழைய கிணறு இருக்கிறதா அல்லது மூடி கார் நிறுத்திவிட்டார்களா, தெருவுக்குள் லாரி திரும்ப இடம் இருக்கிறதா? கடைசிக் கேள்வி முக்கியம். லாரி நுழைய முடியாத சந்தில் பணம் கொடுத்தாலும் தண்ணீர் வராது. பாத்ரூம் குழாயிலும் ஷவரிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர் தண்ணீரின் குணம் அதிலேயே தெரிந்துவிடும். பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய பகுதிகளில் உவர்ப்பு அதிகம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சின்னப் பேனா அளவில் கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள். குடிநீருக்கு 500 வரை நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். 2,000-ஐத் தாண்டிய தண்ணீர் துணிக்கும் பாத்திரத்துக்கும்கூடத் தொல்லைதான்.

ஊரின் கையிருப்பு

கட்டடத்துக்குப் போட்ட அதே கணக்கை ஊருக்கும் போட்டுப் பார்த்தால்தான் சென்னை ஏன் இப்படித் தவிக்கிறது என்று புரியும். ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரிகளின் கொள்ளளவு இது: பூண்டி 3.231 டி.எம்.சி., சோழவரம் 1.081, புழல் 3.3, செம்பரம்பாக்கம் 3.645, கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகை 0.5. எல்லாம் விளிம்பு வரை நிரம்பினால் 11.757 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். ஊருக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கோடி லிட்டர் விடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு டி.எம்.சி. 28 நாளுக்கு வரும். ஐந்து ஏரியும் நிறைந்திருந்தால் பதினோரு மாதம். வெயிலில் ஆவியாகப் போவதையும் அடியில் சேர்ந்த வண்டலையும் கழித்தால் இன்னும் குறையும். ஒரு வருஷ மழை பொய்த்தால் அடுத்த வருஷத்துக்கு ஊரிடம் ஒன்றும் மிஞ்சாது. இதை நீ மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இங்கே மழையே இல்லை என்று சொல்ல முடியாது. சராசரியாக வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பிடித்துவைக்க இடம்தான் போதவில்லை.

பூண்டி நீர்த்தேக்கம் சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது பாடுபட்டுக் கொண்டுவந்தது. 1943-ல் அவர் போய்விட்டார். 1944-ல் அணை திறந்தது. அதற்குப் பிறகு சென்னைக்கென்று புதிதாகக் கட்டிய நீர்த்தேக்கம் கண்ணன்கோட்டைதான், 2020-ல். நடுவில் 76 வருஷம். 1941 கணக்கெடுப்பில் 8 லட்சத்தைத் தொடாத ஊர் இது. 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அந்தப் பரப்புக்குள் அந்த வருஷக் கணக்குப்படியே 66 லட்சம் பேருக்கு மேல். நீ பார்க்கும் சோழிங்கநல்லூர் அப்படிச் சேர்ந்த பகுதிகளில் ஒன்று. வீடுகள் முதலில் எழுந்தன, குழாய் பிறகுதான் வந்துகொண்டிருக்கிறது. பெரிய பெரிய அடுக்குமாடிகள்கூட அங்கே லாரியை நம்பி நிற்பதற்குக் காரணம் அதுதான்.

2018-ன் வடகிழக்குப் பருவமழை கைவிட்டது. 2019 ஜூனில் அப்போதிருந்த நான்கு ஏரிகளும் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் தண்ணீர் ரயில் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். பெரிய அளவு போலத் தெரியும். 135-ஆல் வகுத்துப் பார், ஒரு நாளைக்கு 18,500 பேருக்குத்தான் காணும். அந்த ரயிலைப் பார்த்த பிறகு நான் செய்தித்தாளில் ஏரி நிலவரம் படிக்காமல் விடுவதில்லை. தினமும் சின்னக் கட்டமாகப் போடுவார்கள். டிசம்பர் 31 அன்று ஐந்து ஏரியிலும் சேர்த்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாலே அடுத்து வரும் கோடை எப்படியிருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பாதிக்குக் கீழே என்றால் ஜனவரியிலேயே நீ சிக்கனத்தைத் தொடங்கிவிட வேண்டும். மே மாதம் தொடங்கிப் பயனில்லை.

வெளியிலிருந்து வருவதையும் தெரிந்து வைத்துக்கொள். கிருஷ்ணா தண்ணீருக்கு 1983-ல் ஒப்பந்தம், ஆந்திர எல்லையில் வருஷத்துக்கு 12 டி.எம்.சி. தண்ணீர் முதலில் வந்து சேர்ந்தது 1996-ல். ஒப்பந்தத்தில் சொன்ன அளவு பல வருஷங்களில் வரவில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் கொள்ளளவோடு வந்தன. நெம்மேலியில் 15 கோடி லிட்டரில் இன்னொன்று 2024-ல் திறந்தார்கள். அதற்குப் பக்கத்தில் பேரூரில் 40 கோடி லிட்டருக்குக் கட்ட 2023-ல் அடிக்கல் வைத்தார்கள். தென்சென்னைக்கு, அதாவது நீ வரப்போகும் பக்கத்துக்கு, நெம்மேலிதான் பெரிய தெம்பு. மழை பொய்த்தாலும் கடல் வற்றாது. ஆனால் கடல்நீரிலிருந்து 1,000 லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க 3, 4 யூனிட் மின்சாரம் போகிறது. அப்படி வந்த தண்ணீரில் வாசல் கழுவ எனக்கு மனம் வராது.

வீராணத்தை நான் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் பிறந்த நமக்கு அந்தக் கரையும் வடவாறும் தெரியும். சின்ன வயதில் பஸ்ஸில் வரும்போது ரோட்டோரமாக ராட்சதக் குழாய்கள் கிடந்ததைப் பார்த்திருப்பாய். அந்தப் பழைய திட்டம் அப்படியே நின்றுபோனது. புதிய வீராணம் திட்டத்தில் 2004-லிருந்து தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் சென்னைக்கு வருகிறது. கொள்ளிடத்துக் கீழணையில் திரும்பி வடவாறு வழியாக ஏரிக்கு வந்த அதே தண்ணீர்தான். அதே ஏரியை நம்பி 40,000 ஏக்கருக்கு மேல் நெல் விளைகிறது. சித்தப்பா நாற்றங்காலுக்கு முறைவைத்து மடை திறக்கக் காத்திருக்கும் தண்ணீரில் ஒரு பங்கு உன் கழிப்பறை ஃப்ளஷ்ஷிலும் ஓடும். ஊரார் எல்லோருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உனக்குப் புரியும்.

வீட்டுக்குள் சேமித்து வைக்கும்போது

குடிக்கவும் சமைக்கவும் ஆகும் தண்ணீர் தனி, புழங்கும் தண்ணீர் தனி. நாலு பேர் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் போதும், அதாவது ஒரு கேன். மூன்று நாளுக்கு 60 லிட்டர். அம்மா கொடுத்த எவர்சில்வர் அண்டாவும் இரண்டு குடமும் அதற்குப் போதும். குழாய் வைத்த டிரம் ஒன்று சமையலறை மூலையில் இருக்கட்டும். வாய் அகன்ற பாத்திரத்தில் சொம்பை விட்டு மொள்ளும்போதுதான் விரலில் இருக்கும் அழுக்கெல்லாம் உள்ளே போகிறது. மொள்ளத்தான் வேண்டுமென்றால் நீளக் காம்பு வைத்த மொள்ளுக் கரண்டி வைத்துக்கொள். குழந்தை இருக்கும் வீட்டில் இது அவசியம்.

புழங்கும் தண்ணீருக்கு பாத்ரூமில் மூடியுள்ள 100 லிட்டர் டிரம் ஒன்று. மூடி என்றால் ஓரம் அழுந்த உட்கார வேண்டும், தட்டைக் கவிழ்த்து வைப்பது மூடியாகாது. டெங்கு பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நாம் பத்திரமாகப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரைத்தான் தேடி வருகிறது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போய்விடும் என்று நினைக்காதே. காய்ந்த பாத்திரத்தில் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு, டிரம்மைக் காலி செய்து, உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்து, கவிழ்த்துக் காயவைத்துப் பிறகு நிரப்பு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் பூந்தொட்டித் தட்டையும் மறந்துவிடாதே. தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு பிடித்து வைப்பதால்தான் வெயில் நாளிலும் டெங்கு வருகிறது.

குடிநீரைக் கொதிக்கவைப்பதென்றால் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிஷமாவது அடுப்பில் இருக்கட்டும். மெட்ரோ தண்ணீர் வரும் வீட்டில் டி.டி.எஸ். 500-க்குள் இருந்தால் ஆர்.ஓ. மெஷின் வேண்டாம் என்பது என் கட்சி. காய்ச்சினாலே போதும். ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. போர் உப்பாக இருந்து ஆர்.ஓ. தவிர்க்க முடியாதென்றால் அந்தக் கழிவுக் குழாயை ஒரு பக்கெட்டில் விடு. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் அது தாராளமாக ஆகும். செடிக்குத் தினமும் ஊற்றாதே, உப்புச் சேர்ந்து மண் கெட்டுப்போகும். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது உப்பில்லாத தண்ணீர். அதைச் செடிக்கு ஊற்று. குடிக்க மட்டும் ஆகாது.

சம்ப்பையும் மேல் தொட்டியையும் வருஷத்துக்கு இரண்டு முறை கழுவ வேண்டும். இதை நீ செய்ய வேண்டாம், ஆனால் அசோசியேஷன் எப்படிச் செய்கிறது என்று கூட நின்று பார். மூடியைத் திறந்த உடனே யாரையும் உள்ளே இறங்க விடக்கூடாது. வெகுநாள் மூடிக் கிடந்த சம்ப்புக்குள் மூச்சுவிடக் காற்று இருக்காது. இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்க, இப்படி இந்த ஊரில் எத்தனையோ உயிர் போயிருக்கிறது. எல்லா மூடிகளையும் வெகுநேரம் திறந்து வைத்து, ஃபேன் வைத்து உள்ளே காற்றடிக்க விட வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் பம்ப்பை உள்ளே இறக்கவே கூடாது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டுக் கழுவுவதையும் தடுத்துவிடு, அதிலிருந்து வரும் வாயு நெஞ்சை அடைக்கும். இதற்கெல்லாம் ஏற்பாடு இல்லையென்றால் உள்ளே ஆள் இறங்காமல் மெஷினால் கழுவித் தருபவர்களை அழையுங்கள். பணம் கூடுதலாகும், பரவாயில்லை. ஏழைப் பிள்ளை ஒருவனை வெறுங்கையோடு உள்ளே இறக்கிவிட்டு நாம் குடிக்கும் தண்ணீர் சுத்தமாக வேண்டாம்.

லாரித் தண்ணீர் ஊற்றிய பிறகு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கணக்கு. ஒரு பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் சம்ப்பில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் போடலாம்.

தண்ணீர் எங்கே போகிறது

நம் வீட்டுப் பெண்கள் பாத்திரம் துலக்கும் இடத்தில்தான் சிக்கனம் பார்ப்பார்கள். தண்ணீர் அதிகம் போவது கழிப்பறையிலும் குளியலிலும் துணியிலும். பழைய ஃப்ளஷ் தொட்டி ஒரு இழுப்புக்கு 10 லிட்டர் விடும். நாலு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு 150, 200 லிட்டர் அதிலேயே போய்விடும். வாடகை வீட்டில் தொட்டியை மாற்ற முடியாதென்றால் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடி இறுக்கி, உள்ளே மிதவையில் படாமல் நிறுத்திவை. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு லிட்டர் மிச்சம். குடிபோன முதல் நாளே இன்னொன்று செய்: ஃப்ளஷ் தொட்டியில் சொட்டு நீலம் நாலு சொட்டு விட்டு அரை மணி நேரம் யாரும் போகாமல் பார்த்துக்கொள். கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால் உள்ளே வாஷர் கசிகிறது. சத்தமே இல்லாமல் நாள்பூரா ஓடும் கசிவு அது. ஓனரைக் கூப்பிட்டுக் காட்டி மாற்றச் சொல். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயே நாளுக்கு ஒரு பக்கெட் தண்ணீரைத் தின்றுவிடும்.

ஷவர் நிமிஷத்துக்கு 10 லிட்டர் கொட்டும். ஒரு பக்கெட் 20 லிட்டரில் குளியல் முடிந்துவிடும். மாப்பிள்ளைக்கு ஷவர் பழக்கம் என்று தெரியும். தட்டுப்பாடு காலத்திலாவது பக்கெட்டுக்கு வரச் சொல், அக்கா சொன்னதாகவே சொல். வாஷிங் மெஷின் புதிதாக வாங்குவதாக இருந்தால் முன்பக்கம் திறப்பதை வாங்கு. மேலே திறப்பதில் போகும் தண்ணீரில் ஏறக்குறைய பாதிதான் அதற்கு ஆகும். எந்த மெஷினாக இருந்தாலும் கடைசி அலசல் தண்ணீர் தெளிவாகத்தான் வரும். அந்தக் குழாயை மட்டும் டிரம்மில் விட்டால் அன்றைய கழிப்பறைக்கும் பால்கனி கழுவவும் வேறு தண்ணீர் தேவைப்படாது. சமையலறைக் குழாயில் ஏரேட்டர் என்று ஒரு சல்லடை மூடி மாட்டிக்கொள். ஹார்டுவேர் கடையில் சொற்ப விலைதான். வேகம் குறைந்தது தெரியாது, தண்ணீர் பாதியாகும். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு என்பது அம்மா காலத்திலிருந்து வருவது, அதை விட்டுவிடாதே.

லாரி வரும் நாட்கள்

லாரி வேண்டியிருந்தால் சம்ப் பாதியாகும்போதே சொல்லிவிட வேண்டும். அடி தட்டிய பிறகு சொன்னால் அவர்கள் கேட்கும் விலைதான். 2019-ல் தனியார் லாரி விலை இரண்டு மூன்று மடங்கு ஏறியது. சம்ப் சுவரில் 1,000 லிட்டருக்கு ஒரு கோடு என்று பெயின்ட் அடித்து வையுங்கள். லாரி ஊற்றும் முன்னும் பின்னும் கோட்டைப் பார்த்தால் அளவு குறைந்ததா என்பது தெரிந்துவிடும். ஊற்றும் முன் ஒரு டம்ளர் பிடித்து நிறம், மணம் பார்த்து, மீட்டரையும் விட்டுப் பார்க்கட்டும். மெட்ரோ தண்ணீர் விழும் சம்ப்பும் போர், லாரித் தண்ணீர் விழும் சம்ப்பும் தனித்தனியாக இருக்கும் கட்டடம் கிடைத்தால் நூறு ரூபாய் கூடுதல் வாடகை கொடுத்தாவது பிடித்துக்கொள்.

வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து, பயன்படுத்தியதற்குத் தக்க பணம் வாங்கும் அசோசியேஷன் நல்ல அசோசியேஷன். மெயின்டனன்ஸில் எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் இரண்டு பேர் இருக்கும் வீடு ஆறு பேர் வீட்டுக்கும் சேர்த்துக் கட்டும், ஒருவரும் குழாயை மூட மாட்டார்கள். மேல் தொட்டி நிறைந்ததும் தானாக மோட்டார் நிற்கும் கருவி இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அதைப் போடச் சொல்வதுதான் கூட்டத்தில் உன் முதல் பேச்சாக இருக்கட்டும்.

உன் வீட்டு வேலைக்கு வரும் அக்கா லாரி வரும் நாளில் தாமதமாக வந்தால் கோபித்துக்கொள்ளாதே. தெருவில் குடம் வரிசை வைத்து, முறைவரும் வரை நின்று, பிடித்து, இரண்டு மாடி தூக்கி வைத்துவிட்டுத்தான் உன் வீட்டுப் பாத்திரத்துக்கு வருவாள். நமக்கு 135 லிட்டர் கணக்கென்றால் அவளுக்குக் கிடைப்பது சில குடம்தான். போகும்போது இரண்டு கேன் நிரப்பிக் கொடுத்தனுப்பு. அவள் கேட்கும் வரை காத்திருக்காதே.

செப்டம்பரில் செய்ய வேண்டியது

இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். அசோசியேஷனின் மே மாதக் கூட்டத்தில் எல்லோரும் போரை இன்னும் ஆழமாக இறக்கலாம் என்பார்கள். பக்கத்துக் கட்டடம் 200 அடி போனால் நாம் 300. கடலோர ஊரில் இது ஆபத்தான போட்டி. நிலத்தடி நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே உறிஞ்ச உறிஞ்ச, கீழே கடல் ஏறி வரும். மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மேல் இறைத்து, கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஒருமுறை உப்பேறிய கிணறு நல்ல தண்ணீராக மாறப் பல மழைக்காலம் வேண்டும்.

ஆகவே அக்டோபர் மழைக்கு முன், நீ செப்டம்பரிலேயே கூட்டம் போடச் சொல். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய வருஷமே, மழைநீர் சேகரிப்புக்காகப் பாடுபட்ட சேகர் ராகவன் போன்றவர்கள் சென்னையில் ரெயின் சென்டர் தொடங்கி, வந்து கேட்பவர்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். சட்டம் வந்த பிறகு கோடையில் ஏறிய நிலத்தடி மட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பல கட்டடங்களில் அன்றைக்கு வெட்டிய குழி இன்று மண்ணடைந்து கிடக்கிறது. குழாய் இருக்கிறது, தண்ணீர் இறங்குவதில்லை.

சரிபார்ப்பது எளிது. மொட்டை மாடியில் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்று. அது எந்தக் குழாயில் இறங்கி, எங்கே போய்ச் சேருகிறது என்று கீழே நின்று பார். தெருவுக்கு ஓடினால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை போட்டு, குழியில் இருக்கும் ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவி மறுபடி போட வேண்டும். முதல் மழையின் தண்ணீர் மாடித் தூசியெல்லாம் அரித்துக்கொண்டு வரும். அதை வெளியே விட ஒரு வால்வு. அடுத்த மழையை வடிகட்டி சம்ப்புக்கே விடலாம். சம்ப் நிறைந்தால் மிச்சம் கிணற்றுக்கு. மூடிய பழைய கிணறு இருந்தால் அதைத் திறந்து தூர் வாருவதைவிட நல்ல செலவு வேறில்லை. மழைநீர் உள்ளே இறங்க அதைவிட அகலமான வாசல் கிடைக்காது. மண்ணையும் பார்த்துக்கொள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடற்கரை மணலில் சின்னக் குழியே போதும், தண்ணீர் உடனே இறங்கிவிடும். களிமண் இருந்தால் மேலாகக் குழி வெட்டிப் பலனில்லை. களியைத் தாண்டி மணலோ மக்கிய பாறையோ வரும் வரை துளை இறக்க வேண்டும். வேளச்சேரி, கிண்டி போலப் பாறை இருக்கும் பக்கம் பழைய கிணறே பெரிய துணை.

எவ்வளவு கிடைக்கும் என்று கூட்டத்தில் கேட்பார்கள். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர். வருஷ மழை முழுதும் கணக்கிட்டு, வீணாவதைக் கழித்தால் ஒரு லட்சம் லிட்டர் சொல்லலாம். மேலே கணக்குப் போட்ட 20 வீட்டுக் கட்டடத்துக்கு 5,000 சதுர அடி மாடி என்றால் ஐந்து லட்சம் லிட்டர். 80 பேருக்கு அது 46 நாள். வருஷம் பூராவுக்கும் போதாது என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த 46 நாள் மே மாதத்துக்கும் ஜூன் பாதிக்கும் ஈடாகும், லாரியை நம்பி நாம் அழும் நாட்கள் அவைதான். எத்தனை லாரி மிச்சம் என்று ரூபாயில் எழுதிக் காட்டு. தூர் வார ஆகும் செலவை அதன் பக்கத்தில் எழுது. பேச்சைவிட அந்தத் தாள் நன்றாக வேலை செய்யும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஊருக்குப் போகும்போது வீட்டுக்கு வரும் கேட் வால்வை மூடிவிட்டுப் போ. நின்றுபோன குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூட மறந்து கிளம்புவது எல்லா வீட்டிலும் நடக்கும், தண்ணீர் வந்ததும் வீடே குளமாகும். சாவி ஒன்று எதிர் வீட்டில் இருக்கட்டும். வீடு பேசி முடித்ததும் சம்ப் அளவையும் வீட்டு எண்ணிக்கையையும் எனக்கு வாட்ஸ்அப்பில் போடு. மாமா டேப்பும் மீட்டரும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்கிறார்.